மறுத்தவர்களும் சுட்டவர்களும்

தம்பி, நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். அவசரப்படாமல் வாசி. தெரியாத சொல் வந்தால் போன் எடுத்துக் கேள், சொல்கிறேன். டொச்சில், உன் ஜேர்மன் மொழியில், எழுதியிருக்கலாமே என்று நீ முணுமுணுப்பதும் இங்கே எனக்குக் கேட்கிறது. டொச்சில் எனக்கு டொக்டரைப் பார்க்க டெர்மீன் என்று நாளும் நேரமும் எடுக்கத் தெரியும், நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்துச் சமையலறையில் எந்தச் சட்டியில் உப்பில்லாத சூப் இருக்கிறது என்று சொல்லத் தெரியும். பெற்ற பிள்ளையோடு மனம் விட்டுக் கதைக்கிற அளவுக்கு அந்த மொழி எனக்கு இன்னும் வரவில்லை. இனி வரப்போவதும் இல்லை. இதை இங்கே ஹம் நகரத்தில் இருக்கிற எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கும் கொடுக்கப் போகிறேன். நீ ஜேர்மன் ஆமியில் சேர்ந்துவிட்டாய் என்று தெரிந்த நாளிலிருந்து கோயிலில், கடையில், ரயிலில் என்று கண்ட இடமெல்லாம் சனம் என்னை மறித்து விசாரிக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல எனக்கு வயது போய்விட்டது. எல்லோரும் ஒரேயடியாக வாசிக்கட்டும்.

வருகிற மாதம் நீ கொடிக்கு முன்னால் நின்று உறுதிமொழி எடுக்கப் போகிறாய். பெற்றோருக்கும் அழைப்பு வந்திருக்கிறது. நான் வருவேன், சேலை கட்டிக்கொண்டுதான் வருவேன், கூட்டாளிமாருக்கு முன்னால் வெட்கப்படாதே. அப்பா வருவாரா என்பதுதான் நீ ஒவ்வொரு முறையும் என்னிடம் கேட்கிற கேள்வி. நீ இந்தச் செய்தியைச் சொன்ன அன்றிலிருந்து அவர் உன்னோடு கதைப்பதில்லை. நீ போன் எடுத்தால் பால்கனிக்குப் போய் மிளகாய்க் கன்றுகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அன்றைக்கு அவர் உன்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "றோட்டில சனம் நிண்டு கத்துது. சுடு எண்டு சொல்லினம். நீ என்ன செய்வாய்?" நீயும் தடுமாறாமல் பதில் சொன்னாய். குற்றமான கட்டளையைச் செய்யக்கூடாது என்று இந்த நாட்டுச் சட்டத்திலேயே இருக்கிறது, செய்தால் செய்தவன்தான் குற்றவாளி என்றாய். அப்பா சிரித்தார். "அந்த நேரம் ஆர் சட்டப் புத்தகத்தை விரிச்சுப் பாக்கிறது?" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அந்தச் சிரிப்பு உனக்கு அவமானமாகப் பட்டது. நீயும் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாய். நடுவில் நான் இரண்டு பேருடைய தேத்தண்ணியையும் தனியாகக் குடித்துக்கொண்டு இருந்தேன்.

ஊரில் ஆமி செய்ததெல்லாம் அப்பாவின் மனதில் இருக்கிறது, அதனால்தான் உடுப்பைக் கண்டால் ஆகாது என்று நீ நினைக்கிறாய். அதில் பாதி சரி, அதுவும் என்னைப் பொறுத்தவரையில். சின்ன வயதில் நீ புள்ளி போட்ட ஆமிக் காற்சட்டை வேண்டுமென்று கடைக்குள் விழுந்து புரண்டு அழுதாயே, நினைவிருக்கிறதா? வகுப்பில் பாதிப் பிள்ளைகள் அதைத்தான் போட்டார்கள். விலை கூட என்று சொல்லி உன்னை இழுத்துக்கொண்டு வந்தேன். விலை ஒன்றும் கூட இல்லை. எங்கள் ஊரில் அந்தத் துணி உடம்பில் இருந்தால் ஆமியும் விடாது, ஆமியோடு சண்டை பிடித்த இயக்கப் பொடியங்களும் விடமாட்டார்கள். பெடியனின் காலில் அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சோறு ஊட்ட முடியாது என்று நினைத்தேன். அவ்வளவுதான் காரணம்.

நீ பிறப்பதற்கு முதல் நடந்த ஒரு பகிடியும் இருக்கிறது. நாங்கள் ஹம்முக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அகதி முகாமில் இருந்த முதல் கோடை. ஒருநாள் பின்னேரம் பச்சை உடுப்பும் தொப்பியும் போட்ட ஆண்கள் தோளில் துவக்கோடு வரிசையாக எங்கள் தெருவால் வந்தார்கள். முன்னுக்குக் கொடி, பின்னுக்கு மேளம். தூரத்தில் வெடிச் சத்தம் வேறு கேட்டது. எங்களுக்கு ஒரே ஒரு விளக்கம்தான் தெரியும், சுற்றிவளைப்பு. பெண்கள் பிள்ளைகளைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினோம். ஆண்கள் பழக்கதோஷத்தில் அடையாள அட்டையைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு வாசலில் வரிசையாக நின்றார்கள். வந்தவர்கள் அந்த ஊர்த் துப்பாக்கிச் சங்கத்துத் திருவிழாக்காரர். மரத்தில் செய்த குருவியைச் சுட்டு விழுத்துகிறவனை அந்த வருடத்து ராசா ஆக்கிக் கூத்தடிக்கிறவர்கள். புதிதாக வந்த வெளிநாட்டுக்காரர் மரியாதையாக வரிசையில் நின்று வரவேற்கிறார்கள் என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள். தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்லி, ஆளுக்கொரு பியரும் கொடுத்துவிட்டுப் போனார்கள். அன்றிரவு முகாமில் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. ஊர்வலம் திரும்பி மறையும் வரைக்கும் வாசலில் நின்று அந்த உடுப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பயந்துபோனார் என்றுதான் நான் அன்றைக்கு நினைத்தேன்.

நீ பத்தாம் வகுப்பில் படித்தபோது 1848 ஆம் ஆண்டுப் புரட்சியைப் பற்றி வகுப்பில் பேச வேண்டியிருந்தது. அம்மாவுக்கு விளங்கினால் எல்லோருக்கும் விளங்கும் என்று உன் ஆசிரியை சொன்னாவாம். அதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்தாலும் வெங்காயம் உரித்தபடி இருந்து கேட்டேன். பேர்லினில் சனம் வண்டியையும் கதவையும் பீப்பாயையும் குவித்துத் தெருவை மறித்தது. பிரசிய ராசாவின் ஆமி சுட்டது. செத்தவர்களை ஊர்ச்சனம் தூக்கிக்கொண்டு போய் அரண்மனை முற்றத்திலேயே வைத்தது. ராசா வெளியே வந்து தொப்பியைக் கழற்றித் தலை குனிய வேண்டியதாயிற்று. அந்த இடத்தில் நான் கண்ணைத் துடைத்தேன், நீ வெங்காயம் என்று நினைத்தாய். எங்கள் பிணங்களுக்கு முன்னால் எவன் தொப்பியைக் கழற்றினான் என்றுதான் நான் நினைத்தேன். பிறகு பிராங்பேட்டில் ஒரு தேவாலயத்துக்குள் பாராளுமன்றம் கூடியது என்றாய். நீதிபதிகள், பேராசிரியர்கள், எல்லோரும் படித்தவர்கள். உரிமைகளை அழகாக எழுதினார்கள், நாடு எது, எல்லை எது என்று மாதக்கணக்காக விவாதித்தார்கள். எங்கள் சங்கக் கூட்டம் மாதிரி என்று நான் சொல்ல நீ சிரித்தாய். கடைசியில் அதே பிரசிய ராசாவிடம் கிரீடத்தைக் கொண்டுபோய் நீட்டினார்கள். அவர் வேண்டாம் என்றுவிட்டார். சனம் கொடுக்கிற கிரீடம் அவருக்குக் கௌரவக் குறைவு.

அதற்குப் பிறகு நீ சொன்னதுதான் இன்றைக்கும் என் மனதில் இருக்கிறது, ஏனென்றால் அது எங்களுக்குப் பக்கத்தில் நடந்தது. அடுத்த வருடம் மே மாதம், பிராங்பேட்டில் எழுதிய சட்டத்தைக் காப்பாற்ற அங்கங்கே சனம் எழும்பியது. அதை அடக்குவதற்கு அரசாங்கம் பின்படைக்காரரைக் கூப்பிட்டது. அவர்கள் முழுநேர ஆமிக்காரர் இல்லை. பெண்சாதி பிள்ளையோடு வேலைக்குப் போய்வருகிறவர்கள், கூப்பிட்டால் உடுப்பைப் போட வேண்டியவர்கள். பக்கத்து நகரமான இசர்லோனில் அவர்கள் வரமாட்டோம் என்றார்கள். எங்கள் சனத்தைச் சுட எங்களைக் கூப்பிடாதே என்று சொல்லி, உடுப்பும் ஆயுதமும் வைத்திருந்த களஞ்சியத்தை உடைத்து உள்ளே போனார்கள். அந்த ஊரில் ஊசி செய்கிறவர்கள், பித்தளை உருக்குகிறவர்கள், அப்பாவைப் போலக் கம்பி இழுக்கிறவர்கள் எல்லோரும் தெருவை மறித்து நின்றார்கள். சில நாள்தான். ஆமி வந்தது, வீடுகளுக்குள்ளும் புகுந்து சுட்டது. நீ இதைச் சொல்லும்போது அப்பா கம்பித் தொழிற்சாலையில் வேலை முடித்து வந்து, பையையும் இறக்காமல் குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "சுட வந்த ஆமிக்காரர் எந்த ஊர் ஆக்கள்?" என்று கேட்டார். அவர்களும் பிரசியாக்காரர்தான், வயல் செய்கிற கமக்காரரின் பிள்ளைகள், என்று நீ சொன்னாய். அவர் பையை இறக்கி வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கோயிலையும் தமிழ்க் கடையையும் தவிர வேறு எங்கும் எங்களைக் கூட்டிக்கொண்டு போகாத மனிதர், வெளிக்கிடுங்கோ இசர்லோனுக்குப் போவம் என்றார். மழை தூறிக்கொண்டிருந்தது. நீ வழிகாட்டி போல முன்னால் நடந்து, இந்தப் பக்கத்தில் களஞ்சியம் இருந்திருக்கும், இந்தத் தெருவை மறித்திருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டு வந்தாய். அப்பாவுக்கு அதில் மனம் இல்லை. செத்த ஆமிக்காரரை எங்கே புதைத்தார்கள் என்று கேட்டார். நாயோடு நடந்து போன ஒருவரை மறித்து உன்னைக் கொண்டு விசாரிக்கவும் வைத்தார். அவருக்குத் தெரியவில்லை. உனக்கு எரிச்சல் வந்துவிட்டது. சுட வந்தவர்களை ஏன் தேடுகிறீர்கள், அவர்கள்தானே கெட்டவர்கள் என்றாய். "அவங்களுக்கும் ஒரு தம்பி இருந்திருப்பான்," என்றார் அப்பா. நாங்கள் ரயில் நிலையத்துக்குப் போய் உருளைக்கிழங்குப் பொரியல் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

உன் வகுப்புப் பேச்சில் ஒரு குறை இருந்தது, அன்றைக்கே சொன்னேன். பிறகு என்ன நடந்தது என்று நான் கேட்க, தோற்றுப் போனார்கள், அவ்வளவுதான் என்றாய். தோற்ற பிறகு என்பதற்குள்ளே வாழ்கிறவளுக்கு அந்தப் பதில் போதாது. நான் நச்சரித்த பிறகுதான் நீ நூலகத்தில் புத்தகம் எடுத்து வாசித்துச் சொன்னாய். பிடிபட்டவர்கள் சிறைக்குப் போனார்கள். தப்பினவர்கள் சுவிஸ், லண்டன், அமெரிக்கா என்று கிடைத்த வழியால் ஓடினார்கள். மூன்று இடத்திலும் இன்றைக்கு எங்களுக்குச் சொந்தக்காரர் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சுட்டவர்களில் பலருக்குப் பதக்கம் கிடைத்தது. போகாமல் இருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு கடை நடத்தினார்கள், பாட்டுச் சங்கத்தில் சேர்ந்தார்கள், அங்கேயும் பொலிஸ் ஒற்றன் இருப்பான் என்று தெரிந்தே பாடினார்கள். பல வருடம் கழித்து மன்னிப்பு வந்தது, சிலர் திரும்பி வந்தார்கள். தெருவில் நின்று செத்தவனின் பெண்சாதியும், அவனைக் காட்டிக் கொடுத்தவனும் ஒரே கடையில்தான் பாண் வாங்கியிருப்பார்கள். இதை எந்தப் புத்தகத்திலும் நீ எனக்கு வாசித்துக் காட்டவில்லை. ஹம்மில் இருந்துகொண்டு கோயில் வரிசையில் நிற்கிற எனக்கு இதைப் புத்தகம் சொல்லத் தேவையில்லை.

இப்போது பெரியப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். அப்பாவுக்கு ஒரு அண்ணன் இருந்தார், பிரச்சினை காலத்தில் செத்துப்போனார் என்று உனக்குத் தெரியும். எல்லோருக்கும் அவ்வளவுதான் தெரியும். பெரியப்பா பொலிஸ்காரர். படித்துவிட்டு வேலை தேடி அலைந்தவருக்குக் கிடைத்த அரசாங்க வேலை அது. கள்ளனைப் பிடிக்கவும் சைக்கிள் விளக்கு இல்லாதவனை மறிக்கவும் போனவர், நாடு கெட்டுப்போனபோது அந்த உடுப்புக்குள்ளே அகப்பட்டுக்கொண்டார். பொடியங்கள் துரோகி என்றார்கள். கூட வேலை செய்தவர்கள் தமிழன்தானே என்று நம்பவில்லை. வேலையை விடச் சொல்லி வீட்டில் எல்லோரும் கெஞ்சினார்கள், வருகிற மாதம், வருகிற மாதம் என்று தள்ளிக்கொண்டு போனார். பஸ்ஸுக்குக் காத்து நின்றவரைச் சைக்கிளில் வந்த இரண்டு பேர் சுட்டார்கள். ஊர்ப் பிள்ளைகள். செத்த வீட்டுக்குச் சொந்தக்காரரே பயத்தில் வரவில்லை. வந்த சில பேரும் சத்தம் வைத்து அழவில்லை. அப்பா அப்போது பள்ளிக்கூடம் போகிற பெடியன்.

இங்கே வந்து நாங்கள் பொய் சொல்லவில்லை. பிரச்சினையில் செத்தார் என்றோம், கேட்டவர்கள் ஆமி சுட்டதென்று தாங்களே நினைத்துக்கொண்டார்கள். ஒரு வருடம் சங்கத்தில் செத்தவர்களை நினைவுகூரும் நாளுக்கு, உங்கள் அண்ணையின் படத்தைத் தாருங்கோ, மற்றப் படங்களோடு வைத்து மாலை போடுவம் என்று ஒருவர் வீட்டுக்கே வந்து கேட்டார். நல்ல மனிதர், நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார். அப்பா படம் இல்லை என்றார். படம் இருக்கிறது தம்பி. பயிற்சி முடித்தபோது எடுத்த ஒரே ஒரு படம், பொலிஸ் உடுப்போடு. அதை எந்த மாலைக்குள் வைப்பது? வந்தவர் போன பிறகு நெடுநேரம் அப்பா குளியலறைக்குள் இருந்தார். தண்ணீர்ச் சத்தம் கேட்கவில்லை.

ஆகவே அப்பா உன்னிடம் கேட்ட கேள்வியை நீ பிழையாக விளங்கிக்கொண்டாய் என்று நினைக்கிறேன். நீ சுடுவாயா என்பது மட்டும் அவருடைய பயம் இல்லை. அந்த உடுப்புக்குள்ளே நீ தனித்துப் போய்விடுவாய் என்பதும் பயம். நீ எந்தக் கொடிக்கு முன்னால் நிற்கப் போகிறாயோ, அந்தக் கறுப்பு, சிவப்பு, பொன் நிறத்தைத்தான் அந்தக் காலத்தில் தெருவை மறித்தவர்கள் பிடித்திருந்தார்கள் என்று நீயே எனக்குச் சொல்லித் தந்தாய். அன்றைக்கு அதைப் பிடித்தவனை ஆமி சுட்டது, இன்றைக்கு ஆமியே அதற்கு முன்னால் நின்று உறுதிமொழி எடுக்கிறது. எனக்கு அதில் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் கொடி கைமாறியதால் செத்தவன் எழும்பி வரவில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள். இந்த உடுப்பைப் போட்டால் இந்த நாட்டுக்காரன் என்று எல்லோரும் ஏற்றுக்கொள்வார்கள் என்று நினைத்து நீ போயிருந்தால், திரும்பி வா. ஏற்றுக்கொள்கிறவன் நீ ஆமிக்கு முதல் மின்சார வேலை பார்த்தபோதே ஏற்றுக்கொண்டான், மற்றவனுக்கு எந்த உடுப்பும் போதாது. செய்கிற வேலை சரியென்று பட்டு நீ போயிருந்தால், போ. சட்டத்தில் இருக்கிறது என்று சொன்னாயே, அதை நன்றாகப் பாடமாக்கு. அப்பா சொன்னதும் சரி, அந்த நேரம் புத்தகம் விரிக்க ஏலாது. இசர்லோன்காரர் புத்தகம் பார்த்து மறுக்கவில்லை. பக்கத்தில் நிற்கிறவனும் மறுப்பான் என்று தெரிந்ததால் மறுத்தார்கள். நீ போகிற இடத்தில் அப்படிப்பட்ட இரண்டு பேரையாவது சம்பாதித்துக்கொள். பெரியப்பாவுக்கு அப்படி ஒருவரும் இருக்கவில்லை. அவரைச் சுட்ட பொடியங்களுக்கும், வேண்டாமடா என்று சொல்ல ஒரு கூட்டாளி இருக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நான் இந்தக் கடிதத்தை எழுதுவதாகவும் பெரியப்பாவின் கதை இல்லாமல் இதை எழுத முடியவில்லை என்றும் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். அவர் கையைக் கழுவினார். "எழுது. அண்ணை பொலிஸ் எண்டே எழுது. மலரிலயும் போடு," என்றார். பிறகு மேசையில் இருந்து, கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் என்னிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"அண்ணை ஒருநாளும் உடுப்போட வீட்டை வாறேல்லை. சந்தியில தெரிஞ்ச ஆளின்ர தையல் கடையில கழட்டி வைச்சிட்டு, சாரத்தோட பின் ஒழுங்கையால வருவார். அம்மா அவரை உடுப்போட படத்தில கண்டதுதான். நேரில கண்டது சவப்பெட்டிக்குள்ள."

அப்போ விழாவுக்கு வருவியளோ என்று கேட்டேன். இல்லை என்றார். அங்கே வந்து ஆமிக்காரருக்கு நடுவில் இருந்து கை தட்ட அவருக்கு ஏலாதாம், அதை உன்னிடம் ஒளிக்காமல் சொல்லட்டாம், நீ கோவிக்கக் கூடாதாம். எழும்பி மறுபடியும் மீனுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டுதான் மிச்சத்தைச் சொன்னார். "தம்பியை உடுப்போட வரச் சொல்லு. மாத்த வேண்டாம். ஸ்டேசனுக்கு நான் வாறன்." ஸ்டேசனில் இருந்து பஸ் எடுத்தால் ஒருவரும் காணமாட்டார்கள் என்று நான் சொல்லிப் பார்த்தேன். தமிழ்க் கடைகள் இருக்கிற தெருவால் நடந்துதான் வருவோம் என்று சொல்லிவிட்டார்.

ஆகவே உறுதிமொழி முடிந்ததும் உடுப்பைக் கழற்றாதே. உடுப்போடு ஏறினால் உனக்கு ரயிலும் சும்மாதானாம், எனக்கு மட்டும் டிக்கெட் எடு. நாங்கள் இரண்டு பேரும் ஹம்மில் இறங்கும்போது அப்பா ரயில் மேடையில் நிற்பார். ஒன்றும் கதைக்கமாட்டார், நீயும் வற்புறுத்தாதே. உன் பையை வாங்கக் கையை நீட்டுவார். பாரமில்லை அப்பா, நானே கொண்டுவாறன் என்று சொல்லிவிடாதே. கொடு.